அரைப்புள்ளிக்கு மன்னிப்பில்லை

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழமைக்கு விலை உண்டு. 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயத்தை நோக்கி நடக்கிற யாத்திரிகனின் இருமருங்கிலும், பழைய வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த நிலைப்படிகளும், பித்தளைப் பாத்திரங்களும், சாவி தொலைந்துபோன மரப்பெட்டிகளும் வரிசையாக நிற்க, அவற்றின் விலையைக் கேட்டவர் தம் வீட்டுப் பரணில் கிடப்பது என்னென்ன என்று ஒருகணம் யோசிக்காமல் இருப்பதில்லை. அந்தப் பரணில் முப்பது வருஷத்துக்கு முந்திய வீடியோ கேம் பெட்டியொன்று கிடந்தால், பழமையை நூற்றாண்டுக் கணக்கில் அளக்கிற இவ்வூரில் அதைப் பழம்பொருள் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஆயினும் உலகின் பல பாகங்களில் அந்தப் பெட்டிக்கு ஒரு விசேஷமான மரியாதை ஏற்பட்டிருக்கிறது. பழங்கதவை வாங்கியவர் சுவரோரம் சாத்தி அழகு பார்ப்பார்; நான் சொல்லவந்த மனிதர்களோ பழைய யந்திரத்தை வாங்கி, அதை உண்டாக்கிய கம்பெனியே கைவிட்ட பின்னும், அதற்காகப் புதிய ஆட்டங்களை எழுதுகிறவர்கள்.

நம் நாட்டில் இந்தப் பெட்டிகளின் சரித்திரம் நீண்டதன்று, ஆனால் ருசியானது. ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபாமிகாம் என்னும் சாதனத்தின் வெளிநாட்டு வடிவம், 1980களின் பிற்பகுதியில் சாமுராய் என்ற பெயரோடு இந்தியாவுக்கு வந்தது. சேகா கம்பெனியின் மெகா டிரைவ் என்னும் பெட்டி 1995-ல் ஷா வாலஸ் நிறுவனத்தின் மூலம் வந்தது. இவ்விரண்டும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாத விலையில் நின்றமையால், நம்மில் பெரும்பாலோர் அறிந்தது ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த மலிவான நகல்களையே. மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களோடு அவை கடைத்தெருவில் குவிந்தன. கேரளத்துக் கரையோர ஊர்களிலோ, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளுக்குள்ளும் பிரயாணம் செய்தன. அவற்றில் செருகும் அட்டையை நாம் 'கேசட்' என்றே அழைத்தோம். ஆட்டம் தொடங்காவிட்டால் அதை உருவி, வாயால் ஊதி, மறுபடியும் செருகினோம். ஃபாமிகாமின் உடம்பில், அங்கீகாரம் பெறாத கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு கிடையாது. நகல் வியாபாரிக்குச் சௌகரியமாக இருந்த அந்தக் குறை, இன்று தன் அறையில் அமர்ந்து சொந்த ஆட்டம் எழுதுகிறவனுக்கும் சௌகரியமாக இருக்கிறது.

கம்பெனியின் அநுமதியோ கூலியோ இல்லாமல் தனிமனிதர்கள் எழுதும் இந்த ஆட்டங்களை 'ஹோம்ப்ரூ' என்கிறார்கள். இது வெறும் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர், 2019-ல் ஃபாமிகாம் வகைப் பெட்டிக்கென வெளிவந்த 'மைக்ரோ மேஜஸ்' என்னும் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும்: நால்வர் சேர்ந்து ஆடக்கூடிய அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது, கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படத்துக்கு அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். இத்தகைய ஆட்டங்களைச் செய்யக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பிறப்பு நமக்குச் சற்று நெருக்கமானது. சந்தீப் தத்தா என்பவர் எழுதி 1999-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட எஸ்டிசிசி என்னும் தொகுப்பி, 8051 போன்ற சிறு சில்லுகளுக்காக ஏற்பட்டது. நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருக்கிற அதே 8051 தான். பிறகு மைக்கேல் ஹோப் என்பவர் அத்தொகுப்பியை, நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான கேம் பாயின் சில்லுக்கும் பொருந்தும்படி விரித்தார். கேம் பாய்க்கான ஜிபிடிகே என்னும் கருவித்தொகுதி சிலகாலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2020-ல் அந்த வருஷத்தையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு புத்துயிர் பெற்றபோது, அதன் இதயமாக இருந்ததும் எஸ்டிசிசியே.

தொகுப்பி, அதாவது கம்பைலர், செய்யும் காரியத்தைச் சற்று விளக்கவேண்டும். மனிதன் சி போன்ற ஒரு பாஷையில் எழுதுகிறான். யந்திரத்துக்குத் தெரிந்ததோ எண்கள் மட்டுமே. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலை பல கட்டங்களில் நடக்கிறது. முதலில் ஒரு கருவி, எழுதியவன் குறிப்பிட்ட துணைக்கோப்புகளையெல்லாம் தேடிக் கொணர்ந்து ஒன்றாக ஒட்டுகிறது. அடுத்தது இலக்கணத்தைச் சோதித்து, சில்லுக்குரிய கட்டளைகளாகப் பெயர்க்கிறது. பின்னொன்று அவற்றை எண்களாக்கித் துண்டுதுண்டாக வைக்கிறது. கடைசியில் லிங்கர் என்னும் இணைப்பி எல்லாத் துண்டுகளையும் ஒன்றுசேர்த்து, கேசட்டில் எந்தத் துண்டுக்கு எந்த இடம் என்று நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு கட்டமும் தனக்கே உரிய பாணியில் முறையிடும். ஆரம்பத்தில் திகைத்துப்போகிறவர்களில் பாதிப்பேர் செய்யும் தவறு, முறையிடுவது யார் என்று பாராமலே பரிகாரம் தேடுவதுதான். இணைப்பி சொல்லும் குற்றத்துக்கு இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் ராத்திரி முழுவதும் திருத்தலாம்.

இலக்கணப் பிழையை முதலில் எடுத்துக்கொள்வோம். சி பாஷையில் ஒவ்வொரு வாக்கியமும் அரைப்புள்ளியில் முடியவேண்டும். நாற்பதாம் வரியில் அதை இட மறந்தால், பிழை நாற்பத்தொன்றாம் வரியில் இருப்பதாகத் தொகுப்பி சொல்லும். அது பொய் சொல்லவில்லை. வரி மாறுவது அதற்கு ஓர் இடைவெளி மாத்திரமே ஆகையால், வாக்கியம் இன்னும் நீள்கிறது என்று நம்பிப் படித்துக்கொண்டே போய், சம்பந்தமில்லாத சொல்லில் முட்டிய இடத்தில் நின்று கூவுகிறது. ஆகவே பிழை காட்டப்பட்ட வரியில் குற்றம் ஒன்றும் தென்படவில்லையெனில், அதற்கு மேல்வரியைப் பார்ப்பதே முறை. இன்னொன்று: தொண்ணூறு பிழைகள் அடுக்கடுக்காக வந்து திரையை நிறைத்தாலும், படிக்கவேண்டியது முதற்பிழையை மட்டுமே. ஓரிடத்தில் தடம் புரண்ட தொகுப்பி, அதன்பின் நல்ல வாக்கியத்தையும் கெட்டதென்றே எண்ணும். முதலாவதைத் திருத்தி மறுபடி ஓட்டினால், மற்ற எண்பத்தொன்பதும் பெரும்பாலும் தாமே மறைந்துபோவதைக் காணலாம்.

ஒரு புள்ளிக்காக இத்தனை பிடிவாதமா என்று கேட்கிறவருக்குக் கொச்சியிலேயே ஒரு விடை இருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கத் தமிழ்நூல் அச்சேறியது. மறுவருஷம், 1579 நவம்பர் 14-ல், மட்டாஞ்சேரிக்கு அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியில், போர்ச்சுகீசியரின் தேவமாதா கல்லூரியில், அண்ட்ரீக் அடிகளார் மொழிபெயர்த்த 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. அக்காலத் தமிழெழுத்து ஓலையில் பழகியது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடுமென்று மெய்யெழுத்தின் மேல் புள்ளி வையாமலே எழுதினார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை காட்டும் வழக்கமும் இல்லை. ஆதி அச்சுநூல்களும் அந்த வழியையே பின்பற்றின. 'மண' என்று இரண்டெழுத்து நின்றால் அது 'மண்' என்றா 'மண' என்றா என்பதை வாசிக்கிறவன் முன்னும் பின்னும் பார்த்துத் தானே தீர்மானித்துக்கொள்ளவேண்டும். தீர்மானித்துக்கொண்டுதான் இருந்தான், வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எழுத்துச் சீர்திருத்தம் பதினெட்டாம் நூற்றாண்டில் வரும்வரையில் அவனுக்கு அதில் பெரிய கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை. எழுதியவன் விட்டதைப் படிக்கிறவன் நிரப்பிக்கொள்ளும் இந்த ஔதாரியம் மனித வாசகனுக்கே உரியது. தொகுப்பி அவ்வாறு நிரப்பத் தொடங்கினால், அரைப்புள்ளியோடு நிற்காமல், நாம் நினையாத காரியங்களையும் நினைத்ததாக எடுத்துக்கொண்டு செய்துவிடும். அதன் கடுமையை நான் ஒரு குணமாகவே கொள்கிறேன்.

பழைய யந்திரத்துக்கு எழுதுகிறவனுக்குப் பாஷையிலேயே ஒரு தொல்லை உண்டு. கல்லூரியில் கற்ற சி வேறு, சிறிய சில்லுக்கான தொகுப்பி ஏற்றுக்கொள்ளும் சி வேறு. ஃபாமிகாம் வகைக்குப் பலரும் கையாளும் சிசி65 என்னும் தொகுப்பி பெரும்பாலும் 1989-ம் வருஷத்து இலக்கணத்தையே அனுசரிப்பது. அதில் வேரியபிள் என்னும் மாறிகளையெல்லாம் பகுதியின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடவேண்டும். சுழற்சிக் கட்டளைக்குள்ளேயே மாறியை அறிவிக்கும் புதுவழக்கத்தைக் கண்டால் அது முகம் சுளிக்கும். தசமப் புள்ளியுள்ள எண்களை அது ஏற்பதே இல்லை. அவற்றைக் கணக்கிட அந்தச் சில்லுக்குத் தனி உறுப்பும் கிடையாது. ஆகவே பாத்திரம் ஒரு கட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி நகரவேண்டுமென்றால், எல்லா எண்களையும் 256 மடங்காக்கி 384 என்று வைத்துக்கொண்டு, திரையில் வரையும்போது 256-ஆல் வகுத்துக்கொள்கிறார்கள். பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிய நிரல் பிழையென்று திரும்பினால் புத்தகத்தையும் சந்தேகிக்கவேண்டாம், தன் புத்தியையும் சந்தேகிக்கவேண்டாம். தொகுப்பியின் கையேட்டைத் திறந்து பார்த்தால் போதும்.

கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தியைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோப்புறையின் பெயரில் இடைவெளி இருக்கும்; அல்லது பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதம் பாராட்டாத விண்டோஸில் எழுதியதைப் பேதம் பாராட்டும் லினக்ஸில் கொண்டுவந்திருப்பார்கள்; அல்லது கருவித்தொகுதி எங்கே இருக்கிறதென்று கணினிக்குச் சொல்ல மறந்திருப்பார்கள். ஆனால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்ற செய்திக்கு ஒரு கதை உண்டு. எந்தக் கோப்பை எந்த வரிசையில் தொகுக்கவேண்டும் என்பதைக் குறித்துவைக்கும் 'மேக்' என்னும் கருவியை 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் விசையோடு தொடங்கவேண்டும். நான்கு இடைவெளிகள் இட்டால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தாலும், ஒப்புக்கொள்ளாது. இது நல்ல ஏற்பாடன்று என்று சில வாரங்களிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப்பன்னிரண்டு சிநேகிதர்கள் அதைக் கையாளத் தொடங்கிவிட்டமையால் அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவரின் சௌகரியத்துக்காக, ஐம்பது வருஷமாக உலகம் முழுவதும் மனிதர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைத் தேடி அலைகிறார்கள்.

இணைப்பியின் முறையீடுகள் இரண்டு வகை. ஒன்று, 'அன்டிஃபைன்ட்' என்பது: ஒரு காரியத்தைச் செய்யும்படி நிரல் கூப்பிடுகிறது, அப்பெயருள்ளவர் எங்குமில்லை. பெரும்பாலும் அந்தக் காரியம் வேறொரு கோப்பில் ஒழுங்காக எழுதப்பட்டே இருக்கும். அந்தக் கோப்பை மேக் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள். பெயருக்கு முன்னால் தாம் எழுதாத அடிக்கோடு ஒன்று நிற்பதைக் கண்டு மயங்கவேண்டாம். அதை இட்டது தொகுப்பியே. மற்றொன்று, 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்பது: ஒரே பெயர் இரண்டு இடத்தில் பிறந்திருக்கிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், பத்து வருஷங்களுக்கு முன்பு ஒரு முணுமுணுப்புமின்றித் தொகுக்கப்பட்ட ஆட்டம், ஓரெழுத்தும் மாறாமலே, இன்று இப்பிழையோடு திரும்பக்கூடும். ஜிசிசி என்னும் பிரசித்தமான தொகுப்பி, பொதுக்கோப்பில் கவனக்குறைவாக அறிவித்த மாறி பல கோப்புகளில் பிறந்தாலும் நெடுங்காலமாக ஒன்றாகவே பாவித்து மன்னித்துவந்தது. 2020-ல் வந்த அதன் பத்தாம் பதிப்போடு அந்த மன்னிப்பு நின்றது. மெகா டிரைவுக்கும் கேம் பாய் அட்வான்ஸுக்கும் எழுதுகிறவர்கள் ஜிசிசியையே நம்பியிருப்பதால், பிறர் எழுதிய பழைய நிரலை இறக்கிக்கொண்டு முதன்முதலாகத் தொகுத்துப் பார்க்கும் மாணவன் இந்தப் பிழையில் இடறுவது சகஜம். பரிகாரம் எளிது: பொதுக்கோப்பில் 'எக்ஸ்டெர்ன்' என்ற சொல்லோடு அறிவித்து, ஒரே ஒரு கோப்பில் மட்டும் மாறியைப் பிறப்பிக்கவேண்டும்.

இனி வருவது இலக்கணத்தையோ பெயரையோ பற்றியதன்று, இடத்தைப் பற்றியது. ஃபாமிகாமின் உள்நினைவகம் 2048 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட் ஆகிறபடியால், அந்த நினைவகம் முழுவதிலும் இந்தப் பத்திகூட அடங்காது. அதிலும் 256 பைட் சில்லின் அவசரப் பயனுக்கு, 256 பைட் அழைப்புகளின் அடுக்குக்கு, 256 பைட் வழக்கமாகத் திரையில் நகரும் உருவங்களுக்கு என்று போனால், ஆட்டக்காரனின் உயிர், மதிப்பெண், எதிரிகளின் நிலை ஆகிய எல்லாவற்றுக்கும் எஞ்சுவது 1280. கேசட்டிலோ, விசேஷ ஏற்பாடு இல்லாவிட்டால், நிரலுக்கு 32 கிலோபைட். இந்த அளவு மீறும்போது இணைப்பி, இன்ன பகுதி இத்தனை பைட் வழிகிறது என்று கணக்காகவே சொல்லிவிடும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுப் பண்டகசாலையின் கணக்குப்பிள்ளை, மிளகு மூட்டை வந்திறங்கியபின், பன்னிரண்டு மூட்டைக்கு இடமில்லை என்று ஓலை அனுப்புவது போன்றதே இது. மூட்டையில் குற்றமில்லை, எங்கே அடுக்குவது என்பதுதான் கேள்வி. முதலில் பார்க்கவேண்டியது மாறாத தரவுகளை. ஆட்டத்தின் வரைபடம், எழுத்துருவம், இசைக்குறிப்பு ஆகியவற்றை அறிவிக்கும்போது 'கான்ஸ்ட்' என்ற சொல்லைச் சேர்க்காமல் விட்டால், அவை கேசட்டிலேயே தங்காமல் அருமையான உள்நினைவகத்திலும் வந்து குடியேறிவிடும். அந்த ஒற்றைச் சொல்லைச் சேர்த்ததும் நூற்றுக்கணக்கான பைட் விடுபடுவதுண்டு. அதற்கும் மேல் வேண்டுமென்றால் வரைபடங்களைச் சுருக்கிவைக்கலாம். அல்லது கேசட்டைப் பல அறைகளாகப் பிரித்து வேண்டியபோது வேண்டிய அறையைத் திறக்கும் முறையைக் கைக்கொள்ளலாம். கேம் பாயில் ஓர் அறை 16 கிலோபைட். மூடிய அறையிலுள்ள காரியத்தை மறதியாக அழைத்துவிட்டால் என்ன ஆகுமென்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது.

பிழையே இல்லாமல் தொகுத்து முடிந்தபிறகும் ஆட்டம் ஓடாதிருப்பதுண்டு. அனுபவஸ்தர்கள் உண்மையில் அஞ்சுவது இதற்குத்தான். எஸ்டிசிசியின் 2022-ம் வருஷத்துப் பதிப்பு, ஒரு காரியம் மற்றொன்றை அழைக்கும்போது செய்திகளை எவ்வழியில் ஒப்படைப்பது என்ற விதியை மாற்றியது. வேகம் கூடியது, ஆனால் பழைய விதியை நம்பிக் கைப்பட எழுதிய கீழ்மட்டக் கட்டளைகள், தொகுக்கும்போது வாய் திறவாமல், ஆடும்போது தாறுமாறாக நடக்கலாயின. தொகுப்பி எச்சரிக்கையாகச் சொல்வதைப் பிழையன்று என்று அலட்சியம் செய்வதும் இதே விளைவைத் தரும். எதிர்க்குறி ஏற்காத எட்டு பிட் எண் 255-க்கு மேல் போகாது, பூஜ்யத்துக்குக் கீழும் வராது. அத்தகைய எண்ணை வைத்துக்கொண்டு 'பூஜ்யத்துக்குக் குறையாதவரை சுற்று' என்று எழுதினால், இந்த நிபந்தனை என்றும் மெய்யாகவே இருக்கும் என்று தொகுப்பி பணிவாக ஒரு வரி எழுதும். படிக்காதவருடைய ஆட்டம் அவ்விடத்திலேயே நின்றுபோகும்.

கேம் பாய்க்கு வேறொரு பரீட்சையும் உண்டு. பெட்டியை இயக்கியதும் மேலிருந்து இறங்கிவரும் நின்டெண்டோ முத்திரை கேசட்டிலிருந்தே வாசிக்கப்படுவது. அந்த 48 பைட்டும் பெட்டிக்குள் இருக்கும் மூலத்தோடு ஒத்திருக்கவேண்டும். தலைப்பகுதியின் கூட்டுத்தொகையும் சரியாக இருக்கவேண்டும். இல்லையேல் யந்திரம் அங்கேயே உறைந்துவிடும். கணினியில் கேம் பாய்போல நடிக்கும் எமுலேட்டர்கள் பல இந்தச் சோதனையைச் செய்வதில்லையாதலால், அங்கே துள்ளி விளையாடிய ஆட்டம் மெய்யான பெட்டியில் முத்திரையோடு நின்றுவிடுவதைக் கண்டு, தொகுப்பியைத் திட்டுகிறவர்கள் உண்டு. கருவித்தொகுதியின் கடைசிக் கருவி அந்தத் தலைப்பகுதியைத் தானே எழுதிவிடும். கையால் எல்லாவற்றையும் செய்யத் துணிந்தவரே இதை மறப்பார்.

இவ்வளவும் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. கேரளத்துப் பள்ளிகளில், ஐ.டி. அட் ஸ்கூல் என்று 2001-ல் தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் நடக்கும் திட்டத்தின் பயனாக, பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளோடேயே வளர்கிறார்கள். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் சங்கங்களில் படக்கட்டைகளை அடுக்கி ஆட்டம் செய்யவும் கற்கிறார்கள். மேலே சொன்ன கருவிகள் யாவும் அதே வகைக் கணினிகளில் காசில்லாமல் ஓடும். மட்டாஞ்சேரியிலோ மதுரையிலோ ஒரு பிள்ளை அடுத்த படியை எடுக்க விரும்பினால், கருவித்தொகுதியோடு வரும் உதாரண ஆட்டத்தை ஓரெழுத்தும் மாற்றாமல் முதலில் தொகுத்துப் பார்க்கட்டும். அதுவே தவறினால் குற்றம் நிறுவியதில் இருக்கிறது. அது ஓடினால், ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி தொகுக்கட்டும். ஓடியதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டே அடுத்த மாற்றத்துக்குப் போகட்டும். காரணம் விளங்காத பிழை வந்தால், பழைய துண்டுகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொகுப்பதும், நிரலில் பாதியை மறைத்துப் பிழை எந்தப் பாதியில் இருக்கிறதென்று பார்ப்பதும், மணிக்கணக்காகத் திரையை வெறிப்பதைக் காட்டிலும் பயன் தரும்.

ஆட்டத்தை எழுதி முடித்துப் பிறருக்கு வழங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. எந்தத் தொகுப்பியின் எந்தப் பதிப்பில் அது கடைசியாகப் பிழையின்றித் தொகுக்கப்பட்டதோ, அந்த எண்ணை நிரலின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள். கூடுமானால் அந்தத் தொகுப்பியின் பிரதியையும் ஆட்டத்தோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.